எட்டுப் பேரில் ஒன்பதாவது ஆள்

செஞ்சிக் கோட்டை வாசலில் குரங்குகள்கூட ஆளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வருகின்றன. மூன்று பேர், ஒரே ஒரு பை, அதிலும் தின்பண்டம் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெரிய கடுவன் வெண்மதியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

“இதுக்கு எங்க மாமியார் தேவல” என்றாள் வெண்மதி. “மூஞ்சத் திருப்பறதுக்கு முன்னாடி, வந்தியான்னு ஒரு வார்த்தையாவது கேப்பாங்க.”

தனசேகரன் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்கும் அரசு பஸ் நேரத்துக்கு வருவதற்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. முப்பத்தோரு வருஷம் அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். வீட்டில் சும்மா உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்ததால் அவர் மனைவியே போர்டு எழுதி மாட்டிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது வெண்மதிதான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

வெண்மதி அவருடைய உதவியாளர். நாற்பது வயது. முன்பு பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். திண்டிவனத்தில் யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை, புருவம் திருத்துகிற ஐந்து நிமிஷத்தில் கறந்துவிடுவாள். பார்லரை மூடியபோது இத்தனை விஷயமும் வீணாகிவிடுமே என்றுதான் இந்த வேலைக்கு வந்ததாகச் சொல்வாள்.

மூன்றாவது ஆள் அனு. இருபத்தேழு வயது. கேஸே அவளுடையதுதான். பார்லருக்கு வந்துகொண்டிருந்த பெண் என்பதால் பாதிக் கதை வெண்மதிக்கு முன்பே தெரியும். மீதியை நேற்று ஆபீசில் அழாமல் சொல்லி முடித்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை என்று வெண்மதிக்குத் தோன்றியது.

கல்லூரியில் அனுவோடு சேர்த்து நாலு சிநேகிதிகள். பஸ் ஜன்னல் வழியாக ராஜகிரி மலையைப் பார்க்கும்போதெல்லாம் ‘நாலு பேரும் ஒருநாள் ஏறணும்டி’ என்று சொல்லிக்கொண்டவர்கள். படிப்பு முடிந்து ஆறு வருஷம். அனு தேதி சொன்னால் பெங்களூரில் இருக்கும் மோனிகாவுக்கு ஆபீசில் வேலை. இன்னொருத்திக்கு நாத்தனார் கல்யாணம். மூன்றாமவளுக்குக் குழந்தைக்குச் சளி. அந்தக் குழந்தைக்கு வருஷம் முழுக்கச் சளி. இந்த ‘பிஸி’ எப்போதிலிருந்து ஆரம்பித்தது என்று கேட்க வெண்மதி வாயெடுத்தாள். தனசேகரன் முறைத்தார். மூடிக்கொண்டாள்.

கடைசியில் அனு ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஊர் சுற்றுகிற குழு. பழைய சிநேகிதர்கள் கைவிட்டவர்களுக்கான முகாம் என்று வைத்துக்கொள்ளலாம். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு எட்டுப் பேர் செஞ்சிக்கு வந்தார்கள். அங்கே, கோட்டைக்குள், நெற்களஞ்சியத்து இருட்டில், அனு மோனிகாவைப் பார்த்தாள்.

பெங்களூரில் இருக்கிற மோனிகாவை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அங்கேதான் வினை. ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளுடைய நைனா இறந்தபோது, இரண்டு மாதம் சமையலறையிலிருந்து அவர் ‘அனும்மா’ என்று கூப்பிடுவது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்தியம் பார்த்தார்கள். சரியாகி, மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டரே சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அவளுடைய அண்ணன் எழிலன், மோனிகாவுக்கு போன் போட்டுக் கேட்டான். “ஞாயித்துக்கிழமை முழுக்க ஆபீஸ்லதாண்ணா இருந்தேன். பாவம் அனு. மறுபடியும் டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள் மோனிகா.

அவ்வளவுதான். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாயிற்று. திங்கட்கிழமை ஓசூரில் சேர வேண்டிய வேலைக்கு ‘வர இயலாது’ என்று எழிலன் கடிதமும் எழுதி வைத்துவிட்டான். அனு கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

“மோனிகா அங்க இருந்தாளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார்” என்றாள் அனு. “இல்லன்னா நானே கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கே என் கண்ண நம்ப முடியல.”

அன்றைக்கு அவள் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண்ணும் இருந்தது. மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெரியம்மா. காலையிலிருந்து அவள் கூடவே நடந்தவர். அவரைக் கேட்கலாம் என்று எழிலன் குழுத் தலைவர் கன்னியப்பனுக்கு போன் செய்தபோதுதான் விஷயம் இன்னும் மோசமானது. ‘எங்க குழுவுல அப்படி ஒரு அம்மா வரவே இல்லீங்களே’ என்றார் கன்னியப்பன். எட்டுப் பேர் பட்டியலில் பெயர் இல்லை. எடுத்த படங்களில் ஒன்றிலும் முகம் இல்லை. மோனிகா போதாதென்று இப்போது மஞ்சள் புடவையும் அனுவின் தலைக்குள் இருக்கிற ஆசாமி ஆகிவிட்டது.

கோட்டை வாசலில் நின்றபடி தனசேகரன் அந்தக் குழுப் படத்தை அனுவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தார்.

“எட்டுப் பேரும் இருக்காங்க. யார் கையும் நீளல. அப்ப போட்டோ எடுத்தது யாரு?”

“குரங்கா இருக்கும்” என்றாள் வெண்மதி. “அதுங்ககிட்ட இல்லாத போனா.”

தனசேகரன் கன்னியப்பனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். குழுவில் அப்படி யாராவது வந்தார்களா என்று அவர் கேட்கவே இல்லை. “சார், அன்னிக்கி அந்த மஞ்சப் புடவை அம்மா பத்திரமா வீடு போய்ச் சேந்தாங்களா?” என்றார்.

“ஓ, அவங்களா? பேங்க்ல வேல பாக்குற தம்பி வந்தாரே, அவரோட அம்மா சார். அவர்கூடத்தான் போயிருப்பாங்க.”

பேங்க் தம்பியைக் கூப்பிட்டார்கள். “எங்கம்மாவா? எங்கம்மா மாடிப்படியே ஏறமாட்டாங்க சார். அது கன்னியப்பன் சார் வீட்டம்மா இல்ல? எல்லாரையும் அதட்டி வரிசையா நடக்க வெச்சாங்களே.”

வந்தவாசியிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரைக் கூப்பிட்டார்கள். “அனுவோட சித்திதானே? ஒரே ஜாடை” என்றார் டீச்சர்.

அனு வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து நாளாக அவள் முகத்தில் இல்லாத ரத்தம் மெல்ல ஏறுவதை வெண்மதி பார்த்தாள்.

“டிக்கெட் எடுக்காதவங்க யாருன்னு கேட்டா பஸ்ஸே ஊமையாயிடும்” என்றார் தனசேகரன். “எங்க ஏறினீங்கன்னு கேக்கணும். உங்க அண்ணன் தப்பா கேட்டுருக்காரு. குழுவுல வந்தாங்களான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லுவாங்க. அவங்க குழுவுல வரல. குழு மேல வந்து ஒட்டிக்கிட்டாங்க.”

“அது எப்படிணா எட்டுப் பேருக்கும் தெரியாம போவும்?”

“எட்டும் புதுசு. ஒருத்தர் வீட்டு ஆளை இன்னொருத்தருக்குத் தெரியாது. நீங்க யாருன்னு கேட்டா மரியாதை இல்லியேன்னு ஒவ்வொருத்தரும் விட்டுட்டாங்க. பழைய சிநேகிதங்களா இருந்தா நாலாவது படியிலயே புடிச்சிருப்பாங்க.”

வெண்மதி யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அவளுடைய தெருவில் யார் வீட்டுக்காவது புதுச் செருப்பு வந்து நின்றாலே பத்து நிமிஷத்தில் ஊர், பேர், உறவுமுறை எல்லாம் வெளியே வந்துவிடும். அவளே வரவழைத்துவிடுவாள்.

*

நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தபோது வெளியே பதினோரு மணி வெயில். உள்ளே எந்த மணியும் இல்லை. வளைந்து இறங்கிய கூரை, யானை படுத்தாலும் நிரம்பாத அகலம், மூலையில் பிசுபிசுத்த இருட்டு, வௌவால் வாடை. காலடி வைத்தால் அந்த ஓசை எதிர்ச் சுவர் வரை போய், நிதானமாக யோசித்துவிட்டு, வேறு யாரோ நடப்பதுபோலத் திரும்பி வந்தது. வெண்மதி ஒரு தடவை செருமினாள். உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண் பதிலுக்குச் செருமினாள். தன் குரல்தான் என்று தெரிந்தும் அவள் தனசேகரனுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

“காத்து வருதுல்ல, அதான்” என்றாள், யாரும் கேட்காமலே.

அனு ஒரு இடத்தில் போய் நின்றாள். “இங்கதான். முதல்ல சிரிப்பு கேட்டுது. மோனி மூக்கால ஒரு இழுப்பு இழுத்துட்டுதான் சிரிப்பா. நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து கேட்ட சிரிப்பு. திரும்பிப் பாத்தா அந்தக் கோடியில நீலத் துப்பட்டா. மூஞ்சி மட்டும் வெளிச்சத்துல. என்னையே பாத்தா சார். சிநேகிதியப் பாக்குற மாதிரி பாக்கல.”

“பின்ன?”

“செத்தவங்க எதிர வந்து நின்னா எப்படிப் பாப்பாங்களோ, அப்படி. அப்புறம் இருட்டுக்குள்ள போயிட்டா. ஓடிப்போய்ப் பாத்தேன். யாருமே இல்ல.”

எங்கோ மேலே ஒரு வௌவால் இடம் மாறிப் படுத்தது. யாரைப் பார்த்து யார் பயந்தார்கள் என்பது அந்தப் பேச்சில் எங்கோ தலைகீழாக இருந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“கூப்டீங்களா?” என்றார் தனசேகரன்.

“இல்ல. நாக்கு மேல ஒட்டிக்கிச்சி.”

“பக்கத்துல அந்தம்மா?”

“எனக்குப் பின்னாடி நாலடி. ‘ஆன்ட்டி, பாத்தீங்களா’ன்னு கேட்டேன். ‘அங்க எந்தப் பொண்ணும் இல்லம்மா, வா, வெயில் ஏறுறதுக்குள்ள மலை ஏறலாம்’னு கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களே பாக்கலன்னா, அப்ப என் கண்ணுலதானே கோளாறு?”

தனசேகரன் அந்தக் கோடி வரை ஒரு தடவை நடந்து போய்த் திரும்பினார். பிறகு கேட்டார். “நீங்க கேட்டது அவ்ளோதானா? ‘பாத்தீங்களா’ன்னு மட்டும்? மோனிகான்னு பேர் சொல்லல? சிநேகிதின்னு சொல்லல?”

“இல்ல சார். ‘பாத்தீங்களா’ மட்டுந்தான்.”

“குரங்கப் பாத்தீங்களான்னு நீங்க கேட்டுருக்கலாம். பாம்பைக் கேட்டுருக்கலாம். உங்க குழு ஆளுங்களக் கேட்டுருக்கலாம்.” அவர் அந்தக் கோடி வாசலைப் பார்த்தபடியே சொன்னார். “எந்தப் பொண்ணும் இல்லன்னு அந்தம்மா ஏன் சொல்லணும்?”

களஞ்சியம் அந்தக் கேள்வியை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, ‘சொல்லணும்’ என்று திருப்பிக் கொடுத்தது.

அனு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வாம்மா, வெளிய போலாம்” என்றாள் வெண்மதி. “இங்க எல்லாமே எதுத்துப் பேசுது.”

*

கோட்டைக்கு வெளியே இளநீர்க் கடை நிழலில் உட்கார்ந்து, அந்தப் பெரியம்மாவைப் பற்றி நினைவில் இருப்பதை எல்லாம் சொல்லச் சொன்னார் தனசேகரன். எது முக்கியம், எது இல்லை என்று அவள் பார்க்க வேண்டாம் என்றார்.

அனு கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டே போனாள். நல்ல நடை. எல்லாப் படியும் தெரிந்த கால். குழாயில் தண்ணீர் பிடித்தபோது பாட்டில் வாயில் ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கட்டிப் பிடித்தார். மலையிலிருந்து இறங்கியதும் கன்னியப்பன் எல்லோருக்கும் உருளைக்கிழங்கு போண்டா வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெரியம்மா மட்டும் வேண்டாமென்று ஒரு கொய்யாப்பழம் எடுத்துக்கொண்டார். நாலரை மணி இருக்கும், நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கையில் கடிகாரம் இருந்தும் அதைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்தார். திரும்பினால் ஆள் இல்லை.

“பேய்தான்ணா” என்றாள் வெண்மதி. “பட்டுனு மறையுது பாருங்க.”

“பேய் எப்ப வரும்?”

“பொழுது சாஞ்சப்புறம்.”

“இது பொழுது சாயறதுக்குள்ள ஓடுது. எதுக்கு?”

“பயமா இருக்கும்.”

“பசி” என்றார் தனசேகரன்.

வெண்மதி நெற்றியில் தட்டிக்கொண்டாள். அவள் பார்லருக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நயினார் வீடு இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர்கள் சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். கிழங்கைத் தொடமாட்டார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டார்கள். அந்த வீட்டு மருமகள் ஐந்தரை மணிக்குப் பாதிப் புருவத்தோடு எழுந்து ஓடிய கதையை வெண்மதியே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

“ஜைனக் குடும்பத்து அம்மா. ஆறு மணிக்குள்ள வீட்ல சாப்டு முடிக்கணும்” என்றார் தனசேகரன். “அஞ்சுக்கு முன்னாடி செஞ்சியில கிளம்பி, முக்கா மணி நேரத்துக்குள்ள எறக்கி விடுற வண்டி. நயினார் வீடுங்க இருக்குற ஊரு. நாலே முக்கால் தொண்டூர் வண்டி. நான் அதுல ஆறு வருஷம் போயிருக்கேன்.”

இப்போது அந்த வண்டியின் கண்டக்டர் ஆதிமூலம். தனசேகரனிடம் வேலை பழகியவர். மதிய நடைக்கு வண்டி கிளம்பும் முன் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கேட்டதும், யோசிக்கக்கூட இல்லை.

“சந்தனாம்மா. ஞாயித்துக்கிழமை தவறாம வருவாங்க. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஊர்க்காரங்க கதை சொல்லுவாங்க சார். போன மாசம் கோயம்புத்தூர்க்காரங்க, அதுக்கு முன்னாடி யாரோ மருந்துக் கம்பெனிக்காரங்க. இவ்ளோ ஊர்ல எப்படிம்மா ஃப்ரெண்டு புடிச்சீங்கன்னா, சிரிச்சிக்கிட்டே எறங்கிடுவாங்க.”

மூவரும் அந்த வண்டியிலேயே ஏறினார்கள். வெண்மதிக்கும் அனுவுக்கும் மகளிர் இலவசச் சீட்டு. தனசேகரனுக்குக் காசு வாங்க ஆதிமூலத்துக்குக் கூச்சம். “குடுய்யா. செக்கிங் ஏறினா என் பேர்தான் நாறும்” என்று அவரே கையில் திணித்தார். வெளியே பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்தன.

*

தொண்டூரில் சந்தனாவின் வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மகன் மகாவீர் நெல் வியாபாரம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், கோட்டை என்றதும் சிரித்தான்.

“எங்கம்மாவா? ஆள் மாறி வந்துட்டீங்க. அவங்க ஞாயித்துக்கிழமைன்னா சித்தாமூர் கோயிலுக்குப் போவாங்க. முட்டி வலி வேற.”

உள்ளேயிருந்து வந்த சந்தனாவுக்கு அறுபது இருக்கும். ஒல்லி உடம்பு, கூர்மையான கண். தனசேகரன் சொன்னதை எல்லாம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்.

“கோட்டைக்கா? நான் இன்னாத்துக்குப் போறேன்” என்றார். “வேற யாரையோ பாத்துருப்பாங்க.”

மகன் பக்கத்திலேயே நின்றான். தனசேகரன் அடுத்த கேள்விக்கு முன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வெண்மதிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தெருமுனைக் குழாயடியில் காத்திருக்கச் சொல்லியிருந்த அனுவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அனு தயங்கித் தயங்கி வந்து நெல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

சந்தனாவின் முகம் தானாக மலர்ந்துவிட்டது. “உச்சியில காலு சுளுக்கிக்கிட்டியேம்மா, சரியாயிடுச்சா?”

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது.

மகாவீர் நாற்காலியிலிருந்து எழுந்தான். “உச்சியா? நீ எப்பம்மா உச்சிக்குப் போன? முட்டி வலின்னு மாடிக்குக்கூட வர்றதில்ல.”

“முட்டி வலி வீட்லதாண்டா வருது” என்றார் சந்தனா.

வெண்மதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டியிருப்பாள்.

சந்தனா வாசற்படியில் உட்கார்ந்தார். மகனைப் பார்க்காமல், நெல்லைப் பார்த்துச் சொன்னார். “நாங்க அஞ்சு பேரு எங்க போனாலும் ஒண்ணாத்தான் போவோம். ஒருத்தி போய்ச் சேந்துட்டா. மத்தவங்களக் கூப்ட்டா பேத்திக்கு ஸ்கூலுங்குது, மருமவ வேலைக்குப் போறாங்குது. யாருக்கும் நேரமில்ல. தனியா போனா எங்க போற, ஏன் போறன்னு கேப்பீங்க. அதான் கோயிலுன்னுட்டேன். கோட்டை வாசல்ல போய் நிப்பேன். குடும்பமா வந்தா கிட்ட போவமாட்டேன், எண்ணிப் பாத்துருவாங்க. ஒருத்தருக்கொருத்தர் ‘வாங்க, போங்க’ன்னு பேசிக்கிட்டு வருவாங்க பாரு, புதுசா சேந்தவங்க, அவங்க கூட நடப்பேன். எல்லாரும் என்னை வேற யாருக்கோ சொந்தம்னு நெனச்சிப்பாங்க. ஒரு நாளைக்குப் போதும் அது.”

மகாவீர் மறுபடி உட்கார்ந்துவிட்டான். அனு நெல்லைச் சுற்றிக்கொண்டு வந்து படிக்குக் கீழே குந்தினாள்.

“ஆன்ட்டி, களஞ்சியத்துல யாரும் இல்லன்னு சொன்னீங்க.”

சந்தனா அவள் முகத்தைப் பார்த்தார். “இருந்தாங்கம்மா.”

தெருவில் ஒரு மொபெட் போய்த் தேய்ந்தது.

“நீலத் துப்பட்டா போட்ட பொண்ணு உன்னைப் பாத்துட்டு உள்ள ஓடிச்சி. நீ அந்தக் கோடிக்கு ஓடினப்ப, அது இந்தப் பக்கத் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, என்னைப் பாத்து ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டிச்சி. சொல்லாதீங்க, சொல்லாதீங்கன்னு வாயசைக்குது. அழுவுற மாதிரி மூஞ்சி. யாரு யாருக்குப் பயந்து ஒளியறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? உன்னையே எனக்கு ரெண்டு மணி நேரமாத்தான் தெரியும். பெரிய சண்டை போல, நடுவுல நாம எதுக்குன்னு இல்லன்னுட்டேன். உனக்கு நல்லது பண்றதாத்தான் நெனச்சேன்.”

“இருந்தா” என்றாள் அனு. அந்த ஒரு வார்த்தையை வெளியே விட்டதும் அவள் தோள் இரண்டும் தளர்ந்தன. “இருந்தா சார். மோனி இருந்தா.”

ஆஸ்பத்திரி போயிற்று, ஓசூர் வந்தாயிற்று என்று வெண்மதி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆனால் தனசேகரன் முகத்தில் வெற்றிக்கான அடையாளம் ஒன்றுமே இல்லை. அவர் சந்தனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருந்தாங்கன்னு சொன்னீங்களே” என்றார் மெதுவாக. “அந்தப் பொண்ணு தனியா வரலியா?”

“தனியா எங்க? மூணு பேரு. ஒருத்தி இடுப்புல குழந்தை. அதுவும் மூக்கை ஒழுக்கிக்கிட்டு இருந்துது. இன்னொருத்தி கண்ணாடி போட்டவ. மூணும் சிரிச்சிக்கிட்டுதான் இருந்துதுங்க, இந்தப் பொண்ணைப் பாக்குற வரைக்கும்.”

களஞ்சியத்தில் பிடிபடாமல் போனது வெண்மதிக்கு இப்போது பிடிபட்டது. மூன்று பேருக்குமே அந்த ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்திருக்கிறது. செஞ்சிக்கு வரவும் முடிந்திருக்கிறது. நாலாவதாக ஒருத்தியைக் கூப்பிடத்தான் அவர்களுக்குத் துணிவு இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் செத்துப்போன நைனாவின் குரலைக் கேட்ட பெண் எதிரே வந்து நின்றதும், அந்த இருட்டில் பேயைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் இருக்கும். இதற்கு இல்லை.

அனு காலடியில் கிடந்த ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உரித்தாள். “நோயாவே இருந்திருக்கலாம்” என்றாள்.

*

எழிலன் கெட்டவன் இல்லை. பயந்தவன். ஸ்பீக்கரில் சந்தனா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, நீங்க நல்லவங்கதான். ஆனா எங்க தங்கச்சி அழுதா யாரா இருந்தாலும் அவ பக்கம் பேசிடுவாங்க” என்றான். “மோனிகா எங்கிட்ட சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கு. படிச்ச பொண்ணு எதுக்குப் பொய் சொல்லணும்? அனு, காலைல ஆறு மணிக்கு ரெடியா இரு.”

மகாவீர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். “எங்கம்மா கோயிலுன்னு என்னை ஏமாத்துனதுகூட வெளிய வந்துடுச்சி சார் இங்க. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் உங்களுக்கு?”

தனசேகரன் போனுக்காகக் கையை நீட்டினார்.

அனு கொடுக்கவில்லை.

“அண்ணா, லைன்லயே இரு. பேசாத” என்றாள். மோனிகாவின் எண்ணையும் அதே அழைப்பில் சேர்த்தாள்.

மணி நாலு தடவை அடித்தது.

“ஹே அனு, எப்படி இருக்க? நானே உனக்குப் பண்ணணும்னு இருந்தேன், ஒரே வேல...”

“மோனி” என்றாள் அனு. கோபமே இல்லாத குரல். கல்லூரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்பதுபோல இருந்தது. “மேல வரைக்கும் ஏறினீங்களா?”

அந்தப் பக்கம் பெங்களூர் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது அப்படியே ஒரு கதவுக்குப் பின்னால் போனது. மோனிகா ஏதாவது பாதுகாப்பான இடத்துக்கு நடந்து போயிருக்க வேண்டும். அவள் மூச்சு மட்டும் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். சிரிப்பதற்காக இல்லை.

“இல்ல அனு” என்றாள். “உன்னைப் பாத்ததும் அப்படியே திரும்பிட்டோம்.”

எழிலனின் பக்கத்திலிருந்து நாற்காலி ஒன்று நகர்ந்த ஓசை வந்தது.

“எங்களுக்கு எப்படிப் பேசறதுன்னு தெரியல அனு... அன்னிக்கி உங்க வீட்டுக்கு வந்தப்ப நீ சமையக்கட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தியா... பயந்துட்டோம். மூணு பேருமே.”

“சரி” என்றாள் அனு.

“அனு, ப்ளீஸ்...”

“நான் ஏறினேன் மோனி. உச்சி வரைக்கும்.”

மோனிகாவின் இணைப்பை மட்டும் துண்டித்தாள். மடியில் இருந்த போனில் எழிலன் இன்னும் இருந்தான். அவன் பேச்சு இப்போது, சின்னப் பிள்ளையாக இருந்தபோது தங்கையிடம் பேசியிருக்கக்கூடிய குரலில் வந்தது.

“ஓசூர் வண்டி ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு? நான் கொண்டாந்து ஏத்தி விடட்டா?”

“வேணாம்ணா” என்றாள் அனு. “நானே போயிக்கறேன்.”